பல்லில் கடித்த நெல்: சரி, தவறு என்று மனம் எப்படி முடிவு செய்கிறது?

எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒவ்வொரு நாளும் தவறாமல் காதில் விழும் சொற்றொடர்கள் இரண்டு. ஒன்று, "எல்லாம் அவன் மனசாட்சிக்குத் தெரியும்" என்பது. மற்றொன்று, "அவனவன் நியாயம் அவனவனுக்கு" என்பது. முதலாவது, சரி எது, தவறு எது என்பது ஒவ்வொருவர் நெஞ்சிலும் முன்பே எழுதி வைக்கப்பட்டிருப்பதாகப் பேசுகிறது. இரண்டாவது, அப்படி எதுவும் கிடையாது, ஆளுக்கொரு கணக்கு என்கிறது. இரண்டையும் ஒரே மனிதர் ஒரே காலைப்பொழுதில் சொல்லக் கேட்டிருக்கிறேன். எதிரெதிரான இந்த இரண்டும் ஒருவர் வாயிலேயே இயல்பாக வந்து விழுவதற்குக் காரணம், நாம் எல்லோரும் நாள் முழுவதும் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒருபோதும் நின்று பார்க்காததுதான்.

தொடங்குமுன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனிதர்கள் சரி தவறை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது ஒரு கேள்வி. எப்படி முடிவு செய்ய வேண்டும் என்பது வேறொரு கேள்வி. உலகம் இப்படி இருக்கிறது என்று சொல்வதிலிருந்து, இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு எழுத்தாளர்கள் சத்தமில்லாமல் தாவிவிடுகிறார்கள் என்று ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே எச்சரித்தார். இக்கட்டுரை பெரும்பாலும் முதல் கேள்வியைப் பற்றியது. இரண்டாவது கேள்வி தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

ஒரு மடையும் ஒரு மண்வெட்டியும்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28-ஆம் நாள் மூடப்படும். இடைப்பட்ட காலத்திலும் ஆற்றில் எப்போதும் நிறையத் தண்ணீர் வந்துகொண்டிருப்பதில்லை. வரத்து குறையும்போது முறைப் பாசனம் தொடங்கும். இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு இத்தனை நாள் என்று தண்ணீரைப் பகிர்ந்து விடும் ஏற்பாடு அது. ஊருக்குள்ளும் வயலுக்கு வயல் அதே போன்ற முறை உண்டு. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்களில், இந்த முறையை நம்பித்தான் ஒருவர் இரவில் படுத்துத் தூங்க முடியும்.

அப்படிப்பட்ட ஓர் ஊரில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், சம்பா தொண்டைக்கதிரில் நின்றது. கதிர் தண்டுக்குள் திரண்டு, வெளியே வரக் காத்திருக்கும் பருவம். அப்போது வயல் காய்ந்தால் கதிர் பதராகும். ஒருவர் நள்ளிரவில் மண்வெட்டியோடு சென்று, தம் முறை வருவதற்கு முன்பாகவே, வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்திருந்த மடையைத் திறந்து, தண்ணீரைத் தம் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். அன்றிரவு தண்ணீர் பாய வேண்டியது, கணவரை இழந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக நின்று பயிர் செய்யும் ஒரு பெண்மணியின் வயலுக்கு.

இதைப் படித்து முடிக்கும்போதே வாசகர் மனத்தில் ஒரு தீர்ப்பு விழுந்திருக்கும். இனி, விவரத்தைச் சற்று மாற்றிப் பார்க்கலாம். மடையைத் திறந்தவர் அதிக நிலம் உடையவர் என்றால்? அவருக்கு இருப்பது அரை ஏக்கர், அதுவும் கடன் வாங்கிப் பயிரிட்டது என்றால்? இரவில் நண்டு வளை வழியே தண்ணீர் தானாக உடைத்துக்கொண்டு போயிருந்தால்? தண்ணீரைப் பறிகொடுத்தது பெரிய பண்ணை என்றால்? தண்ணீரின் அளவு ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். ஆனால் நம் தீர்ப்பு ஒவ்வொரு முறையும் அசைகிறது. எது அதை அசைக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

காது அறிந்த இலக்கணம்

"நான் நாளைக்கு வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் அது பிழை என்று உடனே சொல்லிவிடுவார். ஏன் பிழை என்று கேட்டால் தடுமாறுவார். கால இடைநிலை, வினைமுற்று என்ற சொற்கள் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் காது தீர்ப்புச் சொல்லிவிட்டது. விதி அவருக்குள் இருக்கிறது, அந்த விதியைச் சொல்லும் வாய்ப்பாடுதான் இல்லை.

அறத் தீர்ப்பும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கிறது. காரணங்களை அடுக்கிக் கூட்டிக் கழிப்பதற்கு முன்பே "இது சரியில்லை" என்ற உணர்வு எழுந்துவிடுகிறது. எப்படி வந்தோம் என்ற வழி தெரியாமல், சட்டென்று மனத்தில் தோன்றும் இந்த முடிவுக்கு உளவியலாளர்கள் உள்ளுணர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் உள்ளுணர்வு, அதன்பின் அதற்கு ஆதரவாகக் காரணம் தேடுதல் என்ற வரிசையில்தான் நம் அறத் தீர்ப்புகளில் மிகப் பல நடக்கின்றன என்று அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் 2001-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்.

அவர் அந்த முடிவுக்கு வர உதவிய முந்தைய ஆய்வு ஒன்று உண்டு. 1993-இல் அவரும் சகாக்களும் அமெரிக்காவிலும் பிரேசிலிலும் மக்களிடம் சில சிறு கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். அதில் ஒன்று: ஒரு பெண் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது பழைய தேசியக் கொடி ஒன்றைக் காண்கிறாள், அது தேவைப்படாததால் துண்டு துண்டாக வெட்டிக் குளியலறை துடைக்கப் பயன்படுத்துகிறாள். யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் இழப்பில்லை. கேட்டவர்களில் பலர் இது தவறு என்றே சொன்னார்கள். யாருக்கு என்ன தீங்கு என்று கேட்டபோது, கதையில் இல்லாத தீங்குகளைத் தேடிப் பிடித்தவர்களும் இருந்தார்கள். பின்னர் நடந்த இத்தகைய விசாரணைகளில், காரணம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போன பின்னும், "என்னால் விளக்க முடியவில்லை, ஆனால் தவறு என்று தெரியும்" என்ற நிலையில் பலர் நின்றுவிட்டார்கள்.

இதைக் கேட்டவுடன், "அப்படியானால் நாம் சொல்லும் காரணமெல்லாம் பொய்" என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அது மிகையானது. காரணம் தேடுவது பொய் சொல்வது ஆகாது. தேடுபவர் உண்மையாகவே அதை நம்புகிறார். மேலும், சிந்தனைக்கு ஹைட் கொடுத்த இடம் மிகக் குறைவு என்று மறுக்கும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். வரிசை பற்றிய அவதானிப்பை மட்டும் நாம் இப்போதைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சுருங்கச் சொன்னால்: தீர்ப்பு பெரும்பாலும் முதலில் வருகிறது, காரணம் பின்னால் வருகிறது. மனசாட்சி என்று நாம் அழைப்பது பெருமளவு இந்த முந்திக்கொள்ளும் உள்ளுணர்வைத்தான். தாய்மொழியின் இலக்கணத்தைப் போலவே அதுவும் நமக்குள் படிந்தது. வீடும் தெருவும் பள்ளியும் அதில் ஏறியிருக்கின்றன.

நெல்மணியும் ஈரப்பதமானியும்

உள்ளுணர்வை நம்பலாமா? இதற்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஒரு பதில் இருக்கிறது.

அங்கே குவித்து வைத்த நெல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் வயதான விவசாயி, ஒரு கைப்பிடி அள்ளி, ஊதிப் பதரை நீக்கிவிட்டு, ஒரு மணியைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. நசுங்கினால் ஈரம் இருக்கிறது. "இன்னும் ஒரு வெயில் வேணும்" என்பார். பிறகு கொள்முதல் ஊழியர் சிறிதளவு நெல்லை எடுத்து ஈரப்பதமானியில் போடுவார். வழக்கமாக அனுமதிக்கப்படும் ஈரப்பதம் 17 சதவீதம். பல்லும் கருவியும் பெரும்பாலான நாட்களில் ஒரே பதிலைச் சொல்லும். ஐம்பது அறுவடை கண்ட பல் அது. ஆனால் பழக்கமில்லாத புது ரகம் வந்தாலோ, பின்பனி பெய்து மேல்நெல் மட்டும் நனைந்திருந்தாலோ, பல் ஏமாறும். கருவியும் ஏமாறக்கூடும், அதைச் சரியாக அளவு திருத்தி வைத்திருக்காவிட்டால், அது தவறான எண்ணைத் தயங்காமல் காட்டும்.

உள்ளுணர்வு அந்தப் பல்லைப் போன்றது. பழகிய சூழ்நிலையில் விரைவாகவும் பெரும்பாலும் சரியாகவும் வேலை செய்கிறது. நிதானமான சிந்தனை கருவியைப் போன்றது. மெதுவானது, எடுத்துச் செல்லக் கடினமானது, தவறான தகவலைக் கொடுத்தால் தவறான முடிவையே தரும். ஆனால் பல்லுக்குப் பழக்கமில்லாத இடத்தில் அதைத்தான் நாட வேண்டும்.

இவ்விரண்டும் மோதும் இடத்தைக் காட்டும் புகழ்பெற்ற சிந்தனைச் சோதனை ஒன்று இருக்கிறது. 1967-இல் பிரிட்டன் மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட் முன்வைத்தது அது. தடுக்க முடியாமல் ஓடிவரும் டிராம் வண்டியின் பாதையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். வண்டியை வேறு தடத்துக்குத் திருப்பினால் அங்கே ஒருவர் இறப்பார். திருப்பலாமா? கேட்கப்படுபவர்களில் பெரும்பாலோர் திருப்பலாம் என்கிறார்கள். பின்னர் ஜூடித் ஜார்விஸ் தாம்சன் இதை மாற்றினார்: நீங்கள் பாலத்தின்மேல் நிற்கிறீர்கள், பக்கத்தில் நிற்கும் பருத்த மனிதரைக் கீழே தள்ளினால் வண்டி நின்று ஐவரும் பிழைப்பார்கள். தள்ளலாமா? இப்போது பெரும்பாலோர் கூடாது என்கிறார்கள். கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்: ஒருவர் இறந்தால் ஐவர் பிழைப்பார்கள். 2001-இல் ஜோஷுவா கிரீனும் சகாக்களும் மூளை வருடிக் கருவியின் உதவியோடு இதை ஆராய்ந்தபோது, நேரடியாகக் கை வைத்துத் தீங்கு செய்யும் வகைச் சிக்கல்களில், உணர்ச்சியோடு தொடர்புடைய மூளைப் பகுதிகள் கூடுதலாக இயங்குவதைக் கண்டார்கள்.

டிராம் வண்டி நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் வெள்ள காலத்தில் ஆற்றங்கரையில் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதன்று. இக்கரையில் ஒரு தெருவே மூழ்கப்போகிறது. அக்கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் அடுத்த ஊரின் விளைந்த வயலுக்குள் போகும். மதகின் பலகையைத் தூக்கித் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்ப ஒப்புக்கொள்ளும் மனிதரே, மண்வெட்டியை எடுத்து அந்தக் கரையை வெட்டச் சொன்னால் பின்வாங்குவார். அவரது தயக்கத்தை அறிவீனம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. தன் கையால் நேரே பிறருக்குத் தீங்கு செய்வதைக் கண்டு கூசும் மனம் இல்லாத ஊரில் யாரும் நிம்மதியாக வாழ முடியாது. அதே சமயம், அந்தக் கூச்சத்தை மட்டும் நம்பித் தெருவை மூழ்க விடுவதும் எளிதில் ஏற்கத்தக்கதன்று.

மனம் எதையெல்லாம் எடை போடுகிறது?

மடைக் கதையில் விவரங்களை மாற்றியபோது தீர்ப்பு அசைந்தது அல்லவா? அந்த அசைவிலிருந்து, மனம் கவனிக்கும் சில பொருள்களைப் பிரித்தெடுக்கலாம்: எவ்வளவு தீங்கு விளைந்தது, செய்தவர் வேண்டுமென்றே செய்தாரா, பங்கீடு நேர்மையாக இருந்ததா, பாதிக்கப்பட்டவர் யார், அவர் நமக்கு எவ்வளவு நெருக்கம்.

தீங்கு, நோக்கம் ஆகிய இரண்டுக்கும் இடையே உள்ள இழுபறி குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே, 1932-இல் வெளியான தம் ஆய்வில், குழந்தைகளிடம் இரண்டு சிறுவர்களின் கதையைச் சொன்னார். ஒருவன் கதவைத் திறக்கும்போது, பின்னால் தட்டு இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிடுகிறான். மற்றவன் அம்மா இல்லாத நேரத்தில் பழப்பாகைத் திருடப்போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் அதிகக் குற்றவாளி? சிறிய குழந்தைகளில் பலர் 15 கோப்பை உடைத்தவனைச் சொன்னார்கள். வளர்ந்த குழந்தைகள், திருடப்போனவனைச் சொன்னார்கள். வயது ஏற ஏற, உடைந்த கோப்பையின் எண்ணிக்கையைத் தாண்டி, உடைத்தவன் மனத்துக்குள் என்ன இருந்தது என்று பார்க்கப் பழகுகிறோம்.

இந்தப் பழக்கத்தோடு நேராக மோதும் கதை ஒன்று இந்த மண்ணிலேயே இருக்கிறது. திருவாரூர்ப் பெரிய கோயிலுக்கு வெளியே மனுநீதிச் சோழனின் கல் தேரைப் பார்த்த குழந்தைகள் பெரியவர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "வீதிவிடங்கன் தெரிஞ்சா கன்னுக்குட்டிமேல தேரை ஏத்துனான்?" தெரிந்து ஏற்றவில்லை. கன்று துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. அமைச்சரும் அதையே சொல்கிறார். இதற்கு நூல்கள் விதித்த கழுவாய் இருக்கிறது, அதைச் செய்தால் போதும் என்கிறார். மன்னன் ஏற்கவில்லை. வேறொருவர் மகன் ஓர் உயிரைக் கொன்றால் கொலைத் தண்டனை, என் மகன் கொன்றால் கழுவாயா என்பது அவன் வாதம். மகன்மேல் தேர் ஓட்டப் பணிக்கப்பட்ட அமைச்சர், அதைச் செய்ய மனமின்றித் தம் உயிரையே விடுகிறார். பிறகு மன்னன் தானே தேரைச் செலுத்துகிறான்.

சிறு வயதில் இக்கதை எனக்கு நீதியின் உச்சமாகச் சொல்லப்பட்டது. இன்று அதைப் படிக்கும்போது, ஒரே மேடையில் மூன்று அளவைகள் மோதுவதைப் பார்க்கிறேன். பசுவுக்கு முன்னால் கிடப்பது தீங்கு. அமைச்சர் நோக்கத்தைப் பார்க்கிறார். மன்னன் இவ்விரண்டையும் விட, தன் மகனையும் பிறர் மகனையும் ஒரே தட்டில் வைக்கும் நடுநிலையைப் பார்க்கிறான். குழந்தை கேட்கும் கேள்வி அமைச்சரின் பக்கம் நிற்கிறது; அந்தக் கேள்வியை அடக்காமல் பதில் சொல்ல முயல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சோழன் நடுநிலை பேசியது பெரிது. ஆனால் அறியாமல் நேர்ந்ததற்கும் அறிந்து செய்ததற்கும் ஒரே தண்டனை என்பதை இன்று நம் சட்டமும் ஏற்காது.

இதுவரை பார்த்தவற்றில் முக்கியமானது இது: ஓர் அறத் தீர்ப்பு ஒற்றைப் பொருளன்று. தீங்கு, நோக்கம், நேர்மை, நெருக்கம் எனப் பல எடைக்கற்கள் ஒரே நேரத்தில் தராசில் விழுகின்றன. இருவர் சண்டையிடும்போது, பெரும்பாலும் இருவருமே நேர்மையானவர்கள். வேறு வேறு கல்லைக் கனமாக எண்ணுகிறார்கள்.

வழக்கமா, அறமா?

பள்ளிக்குச் சீருடை அணியாமல் வருவதும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை அடிப்பதும் இரண்டுமே "தப்பு" என்றுதான் குழந்தைக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் "ஆசிரியர் அனுமதித்தால் சீருடை இல்லாமல் வரலாமா?" என்று கேட்டால் வரலாம் என்கிறது குழந்தை. "ஆசிரியர் அனுமதித்தால் அடிக்கலாமா?" என்று கேட்டால், அப்போதும் கூடாது என்கிறது. எலியட் டூரியல் என்ற உளவியலாளரும் அவரைப் பின்பற்றியவர்களும் செய்த ஆய்வுகள், மிகச் சிறு வயதிலேயே இந்த வேறுபாடு தெரிந்துவிடுகிறது என்று காட்டின. அதிகாரம் உள்ளவர் மாற்றினால் மாறிவிடும் விதிக்கு வழக்கம் என்றும், யார் மாற்றினாலும் மாறாததாக உணரப்படும் விதிக்கு அறம் என்றும் இக்கட்டுரையில் பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆனால் இந்த எல்லைக்கோடு எங்கும் ஒரே இடத்தில் விழுவதில்லை. 1987-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ரிச்சர்ட் ஷ்வேடரும் சகாக்களும் ஒடிசாவின் புவனேஸ்வரத்திலும் அமெரிக்காவின் சிகாகோவிலும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். தந்தை இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான் என்ற நிகழ்ச்சியை, புவனேஸ்வரத்தில் கேட்கப்பட்டவர்கள் மிகக் கடுமையான குற்றங்களின் வரிசையில் வைத்தார்கள். அமெரிக்கர்களுக்கு அதில் குற்றமே தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் எப்படி வரும் என்று வாசகர் அறிவார். சிலருக்கு வழக்கமாக இருப்பது வேறு சிலருக்கு அறமாகவே இருக்கிறது. அவர்கள் நடிக்கவில்லை, அவர்களுடைய உள்ளுணர்வு அப்படிப் பயின்றிருக்கிறது.

இங்கேதான் "அவனவன் நியாயம் அவனவனுக்கு" என்ற வாக்கியம் சத்தமில்லாமல் உள்ளே நுழைகிறது. அதற்கு நான் சொல்லக்கூடிய மிகக் கனமான பதில் இந்த டெல்டாவின் வரலாற்றில் இருக்கிறது.

தஞ்சைப் பண்ணைகளில் பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் தண்டனையும் வழங்கப்பட்டன. தண்டித்தவர்களில் பலர் தம்மைக் கொடியவர்களாக எண்ணவில்லை. அவர்கள் கோயிலுக்குச் சென்றார்கள், விருந்தோம்பினார்கள், தம் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் கற்பித்தார்கள். அவர்களுடைய உள்ளுணர்வு உறுத்தவில்லை. காரணம் கேட்டிருந்தால், "காலங்காலமான வழக்கம்" என்று சொல்லியிருப்பார்கள். பல் ஏமாந்த இடம் இது. அந்தப் பல் ஒரு பக்கத்து நெல்லை மட்டுமே கடித்துப் பழகியிருந்தது.

அது எப்படி மாறியது? 1940-களில் பி. சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் வந்து பண்ணையாட்களுக்குச் சங்கம் அமைத்தார்கள். அடிபட்டவர்கள் ஒன்றாக நின்று, இது தவறு என்று உரக்கச் சொன்னார்கள். 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாட்களின் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும் கணக்கு முடியவில்லை. கூலி உயர்வுப் போராட்டங்களின் பின்னணியில், 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இன்று சாணிப்பாலை "அது அவர்கள் காலத்து நியாயம்" என்று யாராவது என் முன்னால் சொன்னால், நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பேன்: அந்தக் காலத்தில் அதைக் குடித்தவரிடம் யாராவது கேட்டார்களா? ஒரு காலத்தின் நியாயம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அந்தக் காலத்தில் பேச அனுமதிக்கப்பட்டவர்களின் நியாயம்.

மூன்று அளவுகோல்கள்

உள்ளுணர்வு ஏமாறும் இடங்களுக்காக, மெய்யியலாளர்கள் ஈரப்பதமானி போன்ற சில கருவிகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். மூன்றைச் சொன்னால் தொடக்கத்துக்குப் போதும்.

ஒரு செயலை அதன் விளைவைக் கொண்டு அளப்பது விளைவு நோக்கு. எல்லோருடைய நன்மை தீமையையும் கூட்டிப் பார்த்து, நன்மை மிகுவதே சரி என்று 1789-இல் ஜெரமி பெந்தம் இதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். விளைவு எதுவாயினும் சில செயல்கள் செய்யத்தகாதவை, சில கட்டாயம் செய்யத்தக்கவை என்பது கடமை நோக்கு. 1785-இல் இம்மானுவேல் காண்ட் இதை எழுதினார். நீ பின்பற்றும் விதியை எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்று உன்னால் விரும்ப முடிகிறதா என்பது அவருடைய சோதனைகளில் ஒன்று. செயலை விட்டுவிட்டு, இதைச் செய்பவர் எத்தகைய மனிதராக ஆகிறார் என்று கேட்பது பண்பு நோக்கு. கிரேக்கத்தின் அரிஸ்டாட்டில் அதற்கு முன்னோடி.

முதல் இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பொய் பற்றிய கேள்வியில் காணலாம். ஒருவரைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று, அவர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டால், அப்போதும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் காண்ட் எழுதினார். திருவள்ளுவரின் நிலை வேறு:

"பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த
நன்மை பயக்கும் எனின்."

குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். இதை மட்டும் பிடித்துக்கொண்டு தமக்கு வசதியான பொய்க்கெல்லாம் குறளைச் சாட்சிக்கு அழைப்பவர்களைப் பார்க்கிறோம். "புரைதீர்ந்த" என்ற சொல்லை அவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடுத்த குறளையும் படிப்பதில்லை. தன் நெஞ்சறிந்து பொய் சொன்னால் அந்த நெஞ்சே தன்னைச் சுடும் என்று அங்கே வருகிறது. விளைவைப் பார்க்கச் சொன்ன உடனேயே உள்ளுணர்வையும் காவலுக்கு நிறுத்துகிறார் வள்ளுவர்.

மடைக் கதையில் இம்மூன்றையும் வைத்துப் பார்க்கலாம். விளைவு நோக்கு, அந்த ஓரிரவுத் தண்ணீரால் எந்த வயல் பிழைத்தது, எந்த வயல் காய்ந்தது என்று கேட்கும். கடமை நோக்கு, காய்கிறது என்பதற்காக ஒவ்வொருவரும் முறையை மீறினால் முறை என்ற ஒன்றே இருக்குமா என்று கேட்கும். பண்பு நோக்கு, இருட்டில் மண்வெட்டியைத் தூக்கியது எத்தகைய மனம் என்று கேட்கும். எந்தக் கருவியும் தனியாக முழு எண்ணைக் காட்டுவதில்லை.

அவசரம் செய்யும் வேலை

ஒருவர் சரியாக நடப்பதும் நடக்காததும் அவருடைய குணத்தைப் பொறுத்தது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு அதைச் சற்று அடக்கி வைக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்களை, பேச்சு ஒன்றை நிகழ்த்தப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்கள். சிலர் பேச வேண்டிய தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் பற்றிய பைபிள் கதைதான். வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு, இருமிக்கொண்டு கிடந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் உதவியது 10 சதவீதத்தினர். எந்தத் தலைப்பில் பேசப்போகிறார்கள் என்பதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை.

மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடியவர்களுக்கு இது புரியும். விழுந்து கிடந்தவரைக் கடந்து ஓடியவர் கல்நெஞ்சக்காரர் என்று தீர்ப்பளிக்குமுன், அவர் கையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்பது நியாயம்.

பல்லைத் திருத்துவது யார்?

உள்ளுணர்வு முந்திக்கொள்கிறது, காரணம் அதன் பின்னால் ஓடுகிறது, அளவுகோல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அவசரம் எல்லாவற்றையும் கலைக்கிறது என்றால், மனிதர்கள் தம் தீர்ப்பை எப்போதாவது திருத்திக்கொள்வது எப்படி? தனியாக உட்கார்ந்து யோசித்துத் தன் முதல் முடிவைத் தானே கவிழ்ப்பவர் அரிது. பிறர் ஒரு கேள்வி கேட்கும்போது, நாம் பார்க்காத ஒன்றைக் காட்டும்போது, அல்லது பாதிக்கப்பட்டவர் நம் எதிரே வந்து நிற்கும்போது, நம் உள்ளுணர்வே இடம் மாறுகிறது. ஹைட்டின் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரையில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான். அவருடைய விளக்கத்தில் காரணங்களின் முக்கிய வேலை, ஒருவர் மனத்திலிருந்து இன்னொருவர் மனத்துக்குப் போய் அங்கே ஒரு புதிய உணர்வை எழுப்புவது. பண்ணையாட்களின் சங்கம் செய்ததும் ஒருவகையில் இதுவே. அதுவரை பேசாதவர்கள் பேசியதால், அதுவரை தெரியாத தீங்கு கண்ணில் பட்டது.

அந்த மடை திறந்த இரவுக்கு மறுநாள் காலையில், ஊர் இரண்டாகப் பிரிந்து பேசிக்கொண்டிருந்தது. காய்ந்த பயிருக்காகச் செய்தான், விடுங்கள் என்றார்கள் சிலர். ஒரு தடவை விட்டால் நாளைக்கு எல்லோரும் மண்வெட்டியைத் தூக்குவார்கள் என்றார்கள் வேறு சிலர். எத்தனை மணி நேரத் தண்ணீர், எவ்வளவு நெல் இழப்பு என்று கணக்கும் போடப்பட்டது. அந்தப் பெண்மணி கடைசியில்தான் வந்தார். மடையைத் திறந்தவர் அங்கேயே, கைலியில் காய்ந்த சேற்றோடு நின்றிருந்தார்.

அந்தப் பெண்மணி கோபமாகப் பேசவில்லை. "எம் வயலுக்குத் தண்ணி பத்தாதுன்னு நீ முடிவு பண்ணலாம், போதும்னும் முடிவு பண்ணலாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருந்தா பாதியக் குடுத்துருக்க மாட்டேனா தம்பி?" என்றார்.

அதுவரை தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர்கள் அடங்கிப்போனார்கள். முறையை மீறியதைப் பற்றி வாதாடியவரும், பயிரைப் பற்றி வாதாடியவரும், கேட்கப்படாமல் போன அந்தப் பெண்மணியைத் தம் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. மடையைத் திறந்தவர் எதுவும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "அடுத்த மொற எனக்கு வேணாம் பெரியம்மா, ஒங்க வயலுக்கே விட்டுர்றேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அவருடைய முறை வந்தபோது, அதே மடையில் வைக்கோலைத் திணித்து, களிமண்ணைப் பூசி, காலால் மிதித்து அடைத்துக்கொண்டிருந்ததை வரப்பில் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள்.